எங்களுக்கு மேடை வேண்டாம், எர்த் வேண்டும்: சிற்றரங்கு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, புதுச்சேரி, கோவை, மதுரை என்று ஊருக்கு ஊர் அறுபது எழுபது பேர் உட்காரும் அரங்குகளை நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

காப்பிக்கடை மாடி, ஓவியக் காட்சிக்கூடம், சபாவின் சின்ன ஹால், நூலகத்தின் கூட்ட அறை என இடம் எதுவானாலும் நீங்கள் நீட்டும் வாடகைப் படிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மைக் எத்தனை, நாற்காலி எத்தனை, புரொஜெக்டர் வேண்டுமா, எத்தனை மணிக்குக் காலி செய்வீர்கள். இலக்கியக் கூட்டத்துக்கும் கச்சேரிக்கும் இது போதும். பொம்மலாட்டமும் சோதனை இசையும் சேர்ந்த ஒரு மாலைக்கு உங்கள் படிவத்தில் உள்ள கேள்விகள் அதிகம் உதவாது. உதவக்கூடிய கேள்விகள் அதில் இல்லை. பொம்மை ஆட்டுபவர்களும் ஒலியோடு வேலை செய்பவர்களும் சேர்ந்து அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். கேட்பது நேரம், தரை, மின் இணைப்பில் ஒழுங்கான எர்த், அமைதி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்களுக்குக் காசு செலவில்லை.

நிகழ்ச்சி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டம் கயிறும் கம்பியும் சேர்ந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய பொம்மை நாலரை அடி உயரம் வரை இருக்கும். எடை பத்துக் கிலோவைத் தொடும். இந்தியாவின் மரபுக் கயிற்றுப் பொம்மைகளில் இதுவே பெரியது, இதுவே கனமானது. அந்த எடையைக் கை தாங்குவதில்லை. பொம்மையின் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் வந்து சேர்கின்றன. தலையில் துணிச் சும்மாடு வைத்து அதன்மேல் வளையத்தை மாட்டிக்கொண்டு ஆட்டுபவர் தலையாலேயே தாங்குகிறார். இரண்டு கைகளிலும் இருக்கும் கம்பிகள் பொம்மையின் கைகளை அசைப்பவை. ஆட்டுபவர் தலையை லேசாக வெட்டினால் பொம்மையின் உடல் வெட்டும். அவர் வெறுங்காலில் சலங்கை கட்டி மிதிக்கும் மிதிதான் பொம்மையின் காலடியாக நம் காதில் விழுகிறது.

சோதனை இசைக்காரர் புதிதாக ஒரு ஒலியைக் கொண்டுவந்து இதன்மேல் ஊற்றுவதில்லை. அந்த மிதி, வளையத்தில் கயிறு உரசும் கிறீச்சு, ஹார்மோனியத் துருத்தியின் மூச்சு, மூட்டு இடிக்கும் டக் ஆகியவற்றைத் தொடுமைக்கால் (பொருளோடு ஒட்டி அதன் அதிர்வை எடுக்கும் மைக்) எடுத்து, நீட்டி, அடுக்கி, திருப்பி அனுப்புகிறார். பாட்டுக்குப் பொம்மை ஆடியது போக, பொம்மை எழுப்பும் சத்தத்தின் பின்னால் பாட்டு வரும். ஆட்டுபவர் மிதிக்கும் ஒரே பலகை மேல் இரண்டு தரப்பும் வேலை செய்கிற நிகழ்ச்சி இது. பின்னணி இசையோடு பொம்மலாட்டம் என்று நினைத்து ஏற்பாடு செய்தால் எல்லாமே தப்பாகும்.

“ரொம்பப் புதுசா இருக்கே, நம்ம கூட்டத்துக்கு ஒத்துவருமா” என்ற தயக்கத்துக்கு ஒரு பதில். 1916-இல் சூரிச்சில் வோல்டேர் கேபரே என்ற சின்ன அறையில், அர்த்தமில்லாத ஒலிக்கவிதைகளும் எம்மி ஹென்னிங்ஸின் பொம்மைகளும் ஒரே மேடையில் இருந்தன. 1923-இல் ஸ்பானிய இசையமைப்பாளர் மானுவெல் தெ ஃபாயாவின் பொம்மை ஓபரா மேடையேறியது பாரிஸில் ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில். இங்கே 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஓர் ஒலிக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். அதே ஊரில் தர்ப்பணா கலைக்கூடத்தில் மெஹர் காண்ட்ராக்டர் பொம்மலாட்டத்துக்கென்று ஒரு துறையையே வளர்த்தார். இந்த வகை நிகழ்ச்சி பிறந்ததே சின்ன அறைகளில்தான். ஆயிரம் பேர் அரங்கில் வளையம் உரசும் சத்தம் யாருக்கும் கேட்காது. உங்கள் இடம்தான் இதற்குச் சரியான இடம்; அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

முதலில் நேரம். ஆறரைக்கு நிகழ்ச்சி என்றால் ஐந்து மணிக்குச் சாவி தருகிறீர்கள். அதுவரை அங்கே யோகா வகுப்பு. பேச்சாளருக்கு மைக் வைக்க ஒன்றரை மணி நேரம் தாராளம். இங்கே பொம்மைகள் தொங்கும் சட்டகத்தைக் கட்டி முடிக்கவே அவ்வளவு ஆகும். பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, உடை திருத்தி, கயிற்றுச் சிக்கல் நீக்கித் தொங்கவிட முக்கால் மணி. ஒலிக்கருவிகளை இணைத்துச் சோதிக்க ஒரு மணி. விளக்குக்கு அரை மணி. அதற்கப்புறம் இரண்டு தரப்பும் சேர்ந்து ஓட்டிப் பார்க்க முக்கால் மணி. ஆக நாலரை மணி நேரம். கூடுதல் ஆள் விட்டு இதைக் குறைக்க முடியாது. சட்டகம் நிற்காமல் பொம்மை தொங்காது, பொம்மை தொங்கும் இடம் தெரியாமல் விளக்கைத் திருப்ப முடியாது, ஒலிச் சோதனை நடக்கும்போது சுத்தியல் அடிக்கக் கூடாது. நடுவில் சாப்பாடும் உண்டு. மதியம் ஒன்றரைக்குச் சாவி கொடுங்கள். முடிந்த பிறகு பிரித்துக் கட்ட ஒன்றரை மணி நேரம் வேண்டும். கூட்டம் போனதும் வாட்ச்மேன் விளக்கை அணைக்க நின்றால், கயிறுகளைச் சுற்றாமல் அப்படியே பெட்டிக்குள் போடவேண்டி வரும். அடுத்த ஊரில் ஒரு மணி நேரம் அந்தச் சிக்கலை எடுப்பதில் போகும்.

நேரம் குறைந்தால் முதலில் பலியாவது கடைசி முக்கால் மணிதான். “அதான் தனித்தனியா ஒத்திகை பார்த்துட்டீங்களே” என்பார்கள். அந்த முக்கால் மணியில் நடப்பதைச் சொல்கிறோம். பாடுபவருக்குச் சுருதி ஐந்து கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மேற்கத்திய முறையில் ஜி, கணக்குப்படி 392 ஹெர்ட்ஸ். சிந்தசைசரில் சுருதியை எழுப்பும் ஆஸிலேட்டர் 390-இல் நின்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். தெரிந்து வைத்தால் அது அழகு. தெரியாமல் வந்தால் பாடுபவர் சுருதியைத் தேடியே தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். பழைய ஹார்மோனியப் பெட்டி 392-இல்தான் நிற்கும் என்ற நிச்சயமும் இல்லை. ரீடைச் சுரண்டி அன்றைக்குச் சரிசெய்யவும் முடியாது. ஆஸிலேட்டர்தான் இறங்கி வரவேண்டும். அது பழைய அனலாக் கருவி என்றால் சூடேறி நிலைக்க அரை மணியாவது பிடிக்கும், நடுவில் ஏசி போட்டால் திரும்ப நகரும்.

இதைவிட முக்கியமான விஷயம் கழுத்து. நீண்ட ஒற்றைச் சுருதியை வைத்து மெல்ல மாற்றிக்கொண்டு போகும் இசைக்காரருக்கு இருபத்தைந்து நிமிடம் என்பது ஒன்றுமில்லை. பத்துக் கிலோவைத் தலையில் வைத்திருப்பவருக்குப் பத்து நிமிடம் ஓர் எல்லை. அதற்குமேல் கழுத்து இறுகும், தலை அசைவு குறுகும், பொம்மை வெறுமனே தொங்க ஆரம்பிக்கும். ஆகவே இருபத்தைந்து நிமிடப் பகுதியில் வளையம் குறைந்தது இரண்டு முறை ஆள் மாறவேண்டும். ஒருவர் பொம்மையை இடுப்பில் தாங்க, ஒருவர் சும்மாட்டோடு வளையத்தை எடுக்க, மூன்றாமவர் தலையை நுழைக்க என்று ஒரு மாற்றத்துக்கு இருபது முதல் முப்பது நொடி. அந்த நேரம் பலகையில் மிதி இருக்காது. ஒலிக்காரரிடம் உள்ள மூலச்சத்தம் நின்றுபோகும். எந்த இடத்தில் மாற்றம், அப்போது எந்தச் சத்தத்தைச் சுழலவிடுவது என்பதைச் சேர்ந்து நின்று ஓட்டினால்தான் முடிவு செய்ய முடியும். தாளில் எழுதி முடிகிற காரியம் இல்லை.

அடுத்தது தரை. உங்களில் பலர் பெருமையோடு காட்டும் எட்டு அங்குல மரமேடை எங்களுக்கு வேண்டாம். உள்ளே வெற்றிடம் உள்ள மேடை ஒவ்வொரு மிதிக்கும் கும்மென்று அதிரும். தொடுமைக்கில் அந்தக் கும்மலைத் தவிர வேறெதுவும் ஏறாது. தலைக்கு மேல் கிடைக்கும் உயரத்திலும் எட்டு அங்குலம் போய்விடும். பதினான்கு அடி அகலம், பன்னிரண்டு அடி ஆழம், ஒன்பது அடி உயரம் உள்ள வெறுந்தரை போதும். அந்த உயரத்துக்குள் சீலிங் ஃபேன் வரக் கூடாது. வந்தால் அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பழக்கத்தில் யாராவது போட்டால் காற்றில் கயிறு முறுக்கிக்கொள்ளும். உயர்த்திய கம்பி இறக்கையில் பட்டால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

திருவிழாவில் சவுக்குக் கம்பைக் குழி தோண்டி நட்டுவிடலாம். உங்கள் டைல்ஸில் முடியாது. ஜி.ஐ. பைப்பும் கிளாம்ப்பும் கொண்டு நாங்களே சட்டகம் நிறுத்துகிறோம், நான்கு காலுக்கும் இருபது கிலோ மணல்மூட்டை ஒவ்வொன்று வைத்து. சுவரில் ஆணி அடிப்பதில்லை. தரையில் ஒட்டுவது துணி டேப் மட்டும். பார்சல் கட்டும் பழுப்பு டேப்தான் பசையை விட்டுப்போகும், அதை நாங்கள் கொண்டுவருவதே இல்லை. விட்டத்தில் எடை தாங்கும் கொக்கி இரண்டு இருந்தால் சட்டக வேலை பாதியாகும். மரப்பாவையும் நாணும் வரும் குறளைச் சொல்லாத வரவேற்புரை கிடையாது; அந்த நாணைக் கட்ட ஒரு கொக்கி உள்ள அரங்கைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

தரைமேல் நாங்கள் போடும் பலகை பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட், எட்டுக்கு நாலு முழு ஷீட். அடியில் ஆறு இடத்தில் ரப்பர் துண்டு. ரப்பர் இல்லாவிட்டால் மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம்கூடப் பலகை வழியாக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பலகையின் அடிப்பக்கம் தொடுமைக்காக இரண்டு பீசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு) ஒட்டுகிறோம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்கென்று விற்கும் 27 மில்லிமீட்டர் தட்டுதான். ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். நடுவில் மிதியின் கனம் கிடைக்கும், ஓரத்தில் சலங்கையின் கூர்மை.

பொம்மையின் மார்பிலேயே மைக்கை ஒட்டிவிடலாமே என்று பார்க்கிற எல்லோருக்கும் தோன்றும். ஒட்டலாம். ஆனால் அதிலிருந்து இறங்கும் கேபிள், யாரும் பிடிக்காத ஒரு கயிறு. பொம்மை வலப்பக்கம் திரும்பி முடிக்கும் இடத்தில் கேபிள் அதை ஒரு விரற்கடை பின்னால் இழுக்கும். ஆட்டுபவர் தலையைக் கூடுதலாகச் சாய்த்து ஈடுகட்டுவார். அடுத்த திருப்பத்தில் அது மிகையாகிப் பொம்மை தள்ளாடும். ஒயர்லெஸ் பெட்டியை முதுகில் கட்டினால் எடை பின்னால் போய்ப் பொம்மை மல்லாந்த மாதிரி நிற்கும். பத்துக் கிலோவில் நூறு கிராம் என்ன செய்யும் என்று கேட்கலாம். முதுகில் வைத்துப் பாருங்கள், முகம் விட்டத்தைப் பார்க்கும்.

பீசோ தட்டை நேராக உங்கள் மிக்சரின் லைன் உள்ளீட்டில் சொருகினால் தகரச் சத்தம்தான் வரும். மைக் மோசம் என்று அதன்மேல் பழி போடுவார்கள். காரணம் வேறு. அந்தத் தட்டு சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். மிக்சரின் லைன் உள்ளீடு வழக்கமாக 10 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கரைந்துவிடும், மிதியின் கனம் முழுக்க அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட சின்ன ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று நடுவில் வந்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதை நாங்கள் கொண்டுவருவோம். உங்கள் சவுண்டுக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: “இது எதுக்கு சார் இந்த டப்பா” என்று கழற்றி வைத்துவிடக் கூடாது.

இப்போது எர்த். மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் எப்படியாவது சமாளிப்போம், இது இல்லாவிட்டால் நிகழ்ச்சி கிடையாது.

ஸ்பீக்கரில் ஹம் என்ற விடாத உறுமல் கேட்டால் நம் ஊரில் நடக்கும் முதல் வைத்தியம், மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றிவிடுவது. ஹம் போய்விடும். ஏன் போகிறது என்றால், இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடுவதால் உண்டான மின்சுற்றில் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டீர்கள். கூடவே, கருவிக்குள் பழுது வந்து 230 வோல்ட் அதன் உடலுக்கு ஏறினால் அது மண்ணுக்குப் போகும் வழியையும் வெட்டிவிட்டீர்கள். பேச்சாளர் மைக்கில் இதுவே ஆபத்து. எங்கள் விஷயத்தில் இரும்பு வளையத்தில் ஒரு தொடுமைக்கைக் கவ்வவிட்டிருக்கிறோம், அதன் கேபிளின் உறை மிக்சரின் உடலோடு சேர்ந்தது, வளையம் வியர்த்த தலையில், இரண்டு வியர்த்த கையிலும் கம்பி, கால் வெறுங்கால். கருவியின் எர்த் வெட்டப்பட்ட அன்று, மின்சாரத்துக்கு மீதமிருக்கும் பாதை அந்த மனிதர்தான்.

ஆகவே நாங்கள் வந்ததும் பெட்டியைத் திறக்குமுன் மல்டிமீட்டரை எடுப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஐந்துக்கு மேல் போனால் கேள்வி கேட்போம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்குப் பக்கத்தில் வராமல் நூறு நூற்றிருபது என்று ஊசலாடினால் அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று பொருள். பிளக் பாயிண்டில் துளை மட்டும் இருக்கிறது. பழைய வீடுகளை மாற்றிக் கட்டிய அரங்குகளில் இது சகஜம். எலெக்ட்ரீஷியனை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே கூப்பிடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த லைனில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். விழாத ஆர்.சி.சி.பி. வெறும் அலங்காரம்.

ஹம்முக்குச் சரியான வைத்தியமும் இருக்கிறது. ஒலிக்கருவிகள் அத்தனைக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கிளை எடுக்க வேண்டும், மிக்சர் ஒரு சுவரிலும் ஆம்ப் எதிர்ச் சுவரிலும் சொருகக் கூடாது. அப்படியும் வந்தால், கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அது ஒலிக்கேபிளின் உறையை மட்டும் துண்டிக்கும், கருவியின் எர்த்தைத் தொடாது. வளையத்து மைக்கின் ப்ரீஆம்ப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். அங்கிருந்து மிக்சருக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வழியாகத்தான் போகும். விளக்குக்கு வேறு சர்க்யூட் கொடுங்கள். பழைய டிம்மர்களைப் பாதியில் வைத்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முரமுரப்பு கிளம்பிப் பீசோ கேபிளுக்குள் புகும். அரை வெளிச்சம் வேண்டுமென்றால் டிம்மரைத் திருகாமல் விளக்கைத் தள்ளி வைப்பது எங்கள் வழக்கம்.

மின்வெட்டு வந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில் ஸ்பீக்கரில் விழும் அடி, உள்ளே அதிரும் கோனையே கிழிக்கக்கூடியது. டிஜிட்டல் மிக்சர் திரும்ப எழுந்து நிற்க ஒரு நிமிடம் ஆகும். மிக்சரை மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் போட்டால் இரண்டும் தீரும். கணினிக்கு வைத்திருக்கும் யு.பி.எஸ். போதும்.

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. “எங்ககிட்ட நல்ல புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு” என்கிற அரங்குகள் பெருகிவிட்டன. புளூடூத்தில் சத்தம் நூறு முதல் இருநூறு மில்லிநொடி தாமதமாக வரும். திரைப்பாட்டு போட இது குறையில்லை. பொம்மையின் கால் பலகையில் பட்டு, சத்தம் ஒரு இமைப்பொழுது கழித்து வந்தால் பார்ப்பவர் கண் உடனே மேலே போய் ஆட்டுபவரைத் தேடும். அப்புறம் பொம்மை வெறும் மரம். கேபிளில் ஓடும் இரண்டு ஸ்பீக்கர் கொடுங்கள், பலகையிலிருந்து ஐந்தடி தள்ளி ஸ்டாண்டில். பலகைமேல் வைத்தால் ஊளையிடும். திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு முன்பக்கச் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும், வளையம் மாட்டிய தலையில் ஹெட்ஃபோனும் ஏறாது. கால்மாட்டில் அவர்களுக்கென்று சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று வேண்டும்.

சத்தத்தின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த எல்லை, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபல். நாங்கள் 85-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் தாழ்ந்த அதிர்வுகள் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன, இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். ஒலிச்சோதனை நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தைவிட அது பலன் தரும்.

அமைதிக்கு வருவோம். உங்கள் அறையின் சத்தம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஸ்பிளிட் ஏசி, பால் வைக்கும் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், எண்ணெய் காணாத கதவுக் கீல். கயிறு வளையத்தில் உரசும் சத்தத்தை வைத்துப் பத்து நிமிடம் நடக்கும் பகுதியில் இவை அத்தனையும் மேடையேறும். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஃபிரிட்ஜை ஒன்றரை மணி நேரம் நிறுத்தினால் பால் கெடாது, திறக்காமல் இருந்தால் போதும். ஏசிதான் சிக்கல். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் நூறு வாட் வெப்பம் விடுகிறார். அறுபது பேர் என்றால் ஆறு கிலோவாட். இரண்டு டன் ஏசியின் பெரும்பகுதி வேலை அதற்கே போய்விடும். கதவடைத்த அறையில் ஏசியை நிறுத்தினால் பன்னிரண்டு நிமிடம் கூட்டம் தாங்கும், அதற்குமேல் விசிறிக் காகிதம் படபடக்க ஆரம்பிக்கும். ஆகவே மெல்லிய பகுதியை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைக்கிறோம். நீங்கள் கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையை 20 டிகிரிக்குக் குளிர வைத்து, நாங்கள் கைகாட்டியதும் நிறுத்தினால் போதும்.

சில மாலைகளில் அரை மணி நேரம் தோல்பாவையும் இருக்கும். அதற்கு உங்கள் எல்.இ.டி. பார் விளக்கு உதவாது. சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனிப் புள்ளிகள் உள்ள விளக்கு ஒரு பாவைக்கு மூன்று வண்ண நிழல் விழவைக்கும், ஓரமெல்லாம் கலங்கும். ஒற்றைப் புள்ளியிலிருந்து வெளிச்சம் வரவேண்டும். தெளிந்த கண்ணாடி பல்ப் ஒன்று போதும். ஹாலஜன் என்றால் பாவையிலிருந்து இரண்டடி விலகியிருக்க வேண்டும், சூட்டில் ஆட்டுத்தோல் சுருளும். அறை முழு இருட்டாக வேண்டும். அவசர வழிப் பலகையின் விளக்கை மறைக்கச் சொல்லமாட்டோம்.

இருக்கை விஷயத்தில் உங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். முதல் வரிசை ஜமுக்காளம், இரண்டாவது முக்காலி, மூன்றாவதிலிருந்து நாற்காலி. முதல் வரிசைக்கும் பலகைக்கும் ஆறடி இடைவெளி. ஆட்டுபவரின் முகத்தை மறைக்க மேலே ஒரு திரை தொங்கும்; கீழே உட்கார்ந்து நெருங்கி வருபவருக்குத்தான் அந்தத் திரைக்கு அடியில் முகம் தெரியும். சீட்டு அதிகம் விற்றுவிட்டது என்று அந்த ஆறடியில் இரண்டு வரிசை போட்டுவிடாதீர்கள். எட்டு மீட்டருக்கு அப்பால் செதுக்கிய முகத்தின் புருவம் தெரியாது. அதற்குமேல் ஆள் சேர்ப்பதைவிட இரண்டாவது காட்சி வைக்கலாம்.

மரபுப்படி ஆட்டம் விநாயகர் பூசையில் தொடங்கும். அதன்பின் கோமாளி, ஆமணாட்டம், பூசேணாட்டம். சோதனை நிகழ்ச்சியில் மற்றவை மாறினாலும் பூசையைக் குழுக்கள் விடுவதில்லை, விடச் சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. கற்பூரம் ஏற்றினால் புகை உணரி அலறும். அந்த ஐந்து நிமிடம் அந்தப் பகுதி உணரியை மட்டும் நிறுத்தி, தீயணைப்பான் கையில் ஒருவரை நிறுத்துங்கள், முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். அது முடியாதென்றால் வாசலில் வைத்துக்கொள்கிறோம். முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பெட்டி பிரித்த பிறகு சொல்லாதீர்கள்.

விளம்பரத்தில் “குழந்தைகளுக்கான கொண்டாட்டம்” என்று போடுவதை நிறுத்துங்கள். பொம்மை என்றதும் கை தானாக அதை எழுதிவிடுகிறது. எழுபது நிமிடம், இடைவேளை கிடையாது, பாதி நேரம் இருட்டு, கதை நேர்க்கோட்டில் போகாது, நடுவே நீண்ட தாழ்ந்த அதிர்வு. நாலு வயதுக் குழந்தைக்கு அழுகை வரும், கூட்டி வந்தவர் உங்களைத்தான் திட்டுவார். கால அளவு, இருட்டு, சத்தம் மூன்றையும் போஸ்டரிலேயே எழுதுங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் சரி. வருகிற பிள்ளைகளை ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள்.

“ஸ்கிரிப்ட் கொடுங்க, ஸ்டேஷன்ல காட்டணும்” என்று இன்னும் சில அரங்குகள் கேட்கின்றன. 1954-ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கூட்டம், போக்குவரத்து, ஒலிபெருக்கி தொடர்பாகக் காவல்துறைக்குத் தகவல் சொல்வது வேறு, அதைச் செய்வோம். அன்றைக்கே உருவாகும் ஒலிக்கு ஸ்கிரிப்ட் எழுதித் தர யாராலும் முடியாது.

பணம். வசூலில் பங்கு என்ற ஏற்பாடு இரண்டு பேர் கிட்டாரோடு வரும் நிகழ்ச்சிக்குப் பொருந்தும். இங்கே பொம்மை ஆட்ட மூவர், பாடுபவர், ஹார்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை, ஒலிக்கு இருவர் என்று பத்துப் பேர். பெட்டிகள் ஆட்டோவில் ஏறாது, கும்பகோணத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து போகவேண்டும். அறுபது சீட்டில் எழுபது முப்பது என்று பிரித்தால் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். குறைந்தபட்சத் தொகை ஒன்றை முன்பே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். அதற்குமேல் வருவதில் பங்கு பேசிக்கொள்ளலாம். வாடகையை அரை நாள், முழு நாள் என்று கணக்கிடும்போது அந்த நாலரை மணி நேரத் தயாரிப்பைக் காட்சி நேரமாக எண்ணாதீர்கள். செவ்வாய், புதன் போன்ற காலி நாட்களில் வரச் சொன்னால் வருவோம்.

விருப்பமுள்ள அரங்குகள் ஒரே தாளில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: தரையிலிருந்து விட்டம் வரை உயரம், ஃபேன் தொங்கும் உயரம், தூண் குறுக்கிடாத தரையின் நீள அகலம், நுழைவாசலின் அகலம், லிஃப்ட் இருந்தால் அதன் உள்ளளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட். நான்கு மூலையிலிருந்தும் ஒரு படம். ஒரு வாரத்துக்குள் சட்டகம் எங்கே, இருக்கை எப்படி என்று வரைபடம் போட்டுத் திருப்பி அனுப்புகிறோம். உயரம் எட்டடிக்குக் குறைவாக இருந்தால் பெரிய பொம்மை நிற்காது. அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். மேசைமேல் ஆடும் கைப்பாவையும் இரண்டு தொடுமைக்கும் உள்ள நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, அதற்கு ஆறடி மேசையும் இரண்டு மணி நேரத் தயாரிப்பும் போதும். எர்த் அதற்கும் வேண்டும்.

இப்படிக்கு,
கயிறு பிடிப்பவர்களும் கேபிள் இழுப்பவர்களும்